மலைப்பாதை வேகத்துக்குக் கடிவாளம் போட ஊரார் தயாராகலாம். சட்டம் துணை நிற்குமா?

புது தில்லி: சாலை விபத்தில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கிச் சென்று மருத்துவமனையில் சேர்ப்பவருக்கு இன்று நாட்டில் சட்டப் பாதுகாப்பு உண்டு, ரொக்கப் பரிசும் உண்டு. ஆனால் அந்த விபத்து நேராமல் தடுப்பதற்காக, வளைவில் நின்று "மெதுவாகப் போங்கள்" என்று கை காட்டும் ஊராருக்குச் சட்டத்தில் எந்த இடமும் இல்லை. கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், தமிழகத்தை ஒட்டி அமைந்துள்ள வட்டவடை போன்ற மலைக் கிராமங்களுக்கு இது ஏட்டளவிலான கேள்வி அல்ல. உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

மூணாறில் இருந்து சுமார் 45 கி.மீ. தொலைவில் உள்ளது வட்டவடை. மாட்டுப்பட்டி, குண்டளை அணைகளைக் கடந்து, தமிழக எல்லையில் உள்ள டாப் ஸ்டேஷன் அருகே திரும்பி, பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவை ஊடுருவிச் செல்லும் ஒரே சாலைதான் அந்த ஊராட்சியின் உயிர்நாடி. கோவிலூர், பழத்தோட்டம், சிலந்தியாறு, கொட்டாக்கொம்பூர், கடவரி எனப் பரந்து கிடக்கும் கிராமங்களில் படிக்கட்டு வயல்களில் விளையும் கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், முட்டைகோஸ், காந்தளூருடன் சேர்த்துப் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு ஆகியவை சந்தைக்குச் செல்வதும் இவ்வழியேதான். பேறுகாலப் பெண்களும் கல்லூரி மாணவர்களும் மூணாறு செல்வதும் இவ்வழியேதான். அதே குறுகிய சாலையில்தான் விடுமுறை நாள்களில் சுற்றுலாக் கார்களும், வேன்களும், பஸ்களும், ஜீப்புகளும், கூட்டமாக வரும் மோட்டார் சைக்கிள்களும் முட்டி மோதுகின்றன.

இந்தச் சாலை வாங்கிய பலிகளில் ஒன்று தமிழகத்தையே உலுக்கியது. 2025 பிப்ரவரி 19-ம் தேதி, நாகர்கோவிலில் இருந்து கல்லூரி மாணவர்களை ஏற்றி வந்த சுற்றுலாப் பஸ் மாட்டுப்பட்டி எக்கோ பாயிண்ட் அருகே வளைவில் கவிழ்ந்தது. மாணவ, மாணவியர் மூவர் உயிரிழந்தனர். அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பு, 2024 மார்ச் 19-ம் தேதி, இதே மாவட்டத்தின் மாங்குளம் பகுதியில் சுற்றுலா வேன் பள்ளத்தில் கவிழ்ந்து, தமிழகத்தில் இருந்து சென்ற நால்வர் இறந்தனர். அவர்களில் ஒரு பச்சிளம் குழந்தையும் உண்டு. 2022 டிசம்பர் 23-ம் தேதி இரவு, சபரிமலை சென்று திரும்பிய தேனி மாவட்ட பக்தர்களின் வாகனம் குமுளி அருகே பள்ளத்தில் பாய்ந்ததில் 8 பேர் பலியாயினர். மாண்டவர்கள் எந்த மாநிலத்தவர் என்று பார்த்தால், இடுக்கியின் மலைச்சாலைப் பாதுகாப்பு கேரளத்தின் பிரச்னை மட்டும் அல்ல, தமிழகத்தின் பிரச்னையும்தான் என்பது விளங்கும்.

எண்ணிக்கை கூறுவது என்ன?: மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் நாடு முழுவதும் 4,61,312 விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். இவர்களில் 71.2 சதவீதம் பேரின் மரணத்துக்குக் காரணம் அதிவேகம் எனப் பதிவாகியுள்ளது. அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் தமிழகம் 64,105 விபத்துகளுடன் முதலிடத்தில் இருந்தது. உயிரிழப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடத்தில், 17,884 பேரை இழந்தது. கேரளத்தில் 43,910 விபத்துகளில் 4,317 பேர் இறந்தனர்.

சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால், உயிரிழப்பில் முடியும் விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடுகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம் என்று இருக்கும் சாலையில், தவறு செய்த ஓட்டுநருக்குத் திருத்திக்கொள்ள நேரமும் இல்லை, இடமும் இல்லை.

726-ல் எட்டு: வேகத்தைக் கண்காணிக்கக் கேரள அரசு எதுவும் செய்யவில்லை என்று கூறிவிட முடியாது. 'பாதுகாப்பான கேரளம்' திட்டத்தின் கீழ் 726 கேமராக்கள் நிறுவப்பட்டு, 2023 ஏப்ரலில் தொடங்கி வைக்கப்பட்டன. அந்த ஆண்டு ஜூன் 5 முதல் அபராதமும் விதிக்கப்பட்டது. ஆனால் அவற்றில் 675 கேமராக்கள் தலைக்கவசம், இருக்கைப் பட்டை போன்ற விதிமீறல்களைப் பிடிப்பதற்கானவை. 25 கேமராக்கள் முறையற்ற நிறுத்தத்தையும், 18 கேமராக்கள் சிவப்பு விளக்கை மீறுவதையும் கண்காணிப்பவை. வேகத்தை அளப்பதற்கென அமைந்தவை நிலையாக நான்கும், வாகனத்தில் பொருத்தப்பட்டவை நான்கும் ஆக எட்டு மட்டுமே. மாநிலம் முழுவதற்கும் எட்டு என்றால், யானையும் காட்டெருமையும் கடக்கும் பாம்பாடும் சோலைச் சாலைக்கு எத்தனை நாள் ஒன்று கிடைக்கும்?

சட்டத்திலும் குறை இல்லை. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 183-வது பிரிவு, வேக வரம்பை மீறும் இலகுரக வாகனத்துக்கு ரூ.1,000 முதல் ரூ.2,000 வரையிலும், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு ரூ.2,000 முதல் ரூ.4,000 வரையிலும் அபராதம் விதிக்க வகை செய்கிறது. ஆபத்தான முறையில் ஓட்டுவதற்கு 184-வது பிரிவில் சிறைத் தண்டனையும் உண்டு. அகலம் குறைந்த மலைப்பாதையில் இறங்கும் வாகனம் நின்று, ஏறும் வாகனத்துக்கு வழிவிட வேண்டும் என்ற விதியும் உள்ளது. விதி உண்டு, விதியை நினைவூட்ட அந்த இடத்தில் ஆள்தான் இல்லை.

தில்லி கண்ட வழி: ஆள் இல்லாத இடத்தில் பொதுமக்களையே கண்ணாகவும் காதாகவும் ஆக்குவது என்ற யோசனை தலைநகருக்குப் புதிதல்ல. காமன்வெல்த் போட்டிகள் நடைபெற்ற 2010-ம் ஆண்டிலேயே தில்லி போக்குவரத்துப் போலீஸார் ஃபேஸ்புக் பக்கம் தொடங்கினர். விதி மீறும் வாகனங்களைப் பொதுமக்கள் படம் எடுத்து அனுப்ப, அதைக் கொண்டு அபராத ரசீதுகள் அனுப்பப்பட்டன. 2015-ல் அது தனிச் செயலியாக மாறியது. 2024 செப்டம்பரில் 'டிராஃபிக் பிரஹரி' என்ற பெயரில் புதுப்பிக்கப்பட்டு, அதிகம் புகார் அனுப்புபவருக்கு மாதந்தோறும் ரூ.50,000 வரை பரிசும் அறிவிக்கப்பட்டது.

பெருநகருக்கு இது பொருந்தலாம். படம் எடுப்பவரும் எடுக்கப்படுபவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆனால் எல்லோரும் எல்லோரையும் அறிந்த மலைக்கிராமத்தில், பக்கத்து வீட்டு ஜீப்பைப் படம் பிடித்துப் பரிசு வாங்குபவர் மறுநாள் அதே ஜீப்பில்தான் மூணாறு செல்ல வேண்டியிருக்கும். பரிசுக்காகக் காட்டிக் கொடுப்பது ஊரைப் பிளக்குமே அன்றி, வேகத்தைக் குறைக்காது. தவிர, நகரும் வாகனத்தின் வேகத்தைச் சாதாரணப் படம் நிரூபிக்கவும் முடியாது.

பிரிட்டன் தரும் பாடம்: பிரிட்டனின் கிராமங்களில் செயல்படும் சமூக வேகக் கண்காணிப்புத் திட்டம் வேறு விதமானது. போலீஸாரிடம் பயிற்சி பெற்ற ஊர்த் தொண்டர்கள், போலீஸார் ஒப்புதல் அளித்த இடத்தில், தூரத்தில் வருபவர் கண்ணுக்குத் தெரியும் ஒளிரும் சட்டை அணிந்து, வேகமானியுடன் நிற்கின்றனர். வரம்பை மீறிய வாகனத்தின் எண்ணைக் குறித்துப் போலீஸாருக்கு அனுப்புகின்றனர். அவர்கள் எந்த வாகனத்தையும் நிறுத்துவதில்லை, அபராதமும் விதிப்பதில்லை. வாகன உரிமையாளரின் வீட்டுக்குப் போலீஸாரின் எச்சரிக்கைக் கடிதம் போகிறது. திரும்பத் திரும்ப அகப்படுபவர் மீது போலீஸாரின் நேரடிக் கவனம் திரும்புகிறது.

இத்திட்டத்தின் பலம் வேகமானியில் இல்லை. தொண்டருக்கும் போலீஸாருக்கும் இடையே எழுதப்பட்ட எல்லைக்கோடு இருப்பதே அதன் பலம். யார் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பது இருவருக்கும் தெரியும். வாகன ஓட்டிக்கும் தெரியும்.

கென்யாவில் பயணியின் குரல்: சாலையோரத்தில் நிற்பவரை விட வாகனத்துக்குள் இருப்பவருக்கே வேகம் முதலில் தெரியும். கென்யாவில் 'மடாட்டு' எனப்படும் சிற்றுந்துகளில் நடைபெற்ற சோதனை இதை மெய்ப்பித்தது. அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகப் பொருளாதார ஆய்வாளர்கள், "ஓட்டுநர் வேகமாகச் சென்றால் தட்டிக் கேளுங்கள்" என்று பயணிகளைத் தூண்டும் சிறு ஒட்டுவில்லைகளை வாகனங்களுக்குள் ஒட்டச் செய்தனர். ஒட்டுவில்லை ஒட்டிய வாகனங்களில் விபத்துக் காப்பீட்டுக் கோரிக்கைகள், ஒட்டாதவற்றை விடக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்ததாக 2015-ல் வெளியான ஆய்வு முடிவு தெரிவித்தது. ஒரு துண்டுக் காகிதம் செய்தது இவ்வளவுதான்: ஒவ்வொரு பயணியின் மனத்திலும் இருந்த அச்சத்தை, வாய்விட்டுச் சொல்லக்கூடிய உரிமையாக மாற்றியது.

வட்டவடைக்கு இது நெருங்கிய பாடம். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஜீப்பானாலும், வேனானாலும், ஓட்டுநருக்கு வருமானம் நாளொன்றுக்கு எத்தனை நடை என்பதைப் பொறுத்தே அமைகிறது. வேகம் அவருக்குப் பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பின் நெருக்கடி. பின்னிருக்கையில் இருப்பவர்கள் அவசரம் இல்லை என்று கூறினால் அந்த நெருக்கடி ஓரளவு தளரும். கூற வேண்டியவர்களுக்கு அது தங்கள் உரிமை என்று தெரிய வேண்டும்.

கோவையில் தொடங்கிய வழக்கு: சாலைப் பாதுகாப்பில் குடிமக்களின் முயற்சி என்னவெல்லாம் செய்ய முடியும் என்பதற்கு அயல்நாட்டை மட்டும் நோக்க வேண்டியதில்லை. விபத்தில் சிதைந்து வருபவர்களுக்கு அன்றாடம் அறுவைச் சிகிச்சை செய்துவந்த கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன், 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தார். அந்த வழக்கில்தான் 2014 ஏப்ரலில், ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழுவை உச்ச நீதிமன்றம் அமைத்தது. அதே வழக்கில் 2017 நவம்பர் 30-ம் தேதி அளித்த தீர்ப்பில், எல்லா மாவட்டங்களிலும் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்குமாறு உத்தரவிட்டது. நீதிமன்றத்தோடு நின்றுவிடாமல், கோவையில் 'உயிர்' என்ற அமைப்பின் மூலம் பள்ளி, கல்லூரி மாணவர்களிடையே சாலை ஒழுக்கத்தை வளர்க்கும் பணியிலும் அம்மருத்துவர் ஈடுபட்டுள்ளார்.

கேரளத்திலும் முன்மாதிரிகள் உள்ளன. 2010-ல் அம்மாநிலப் போலீஸார் தொடங்கிய மாணவர் காவல் படைத் திட்டம் 2018-ல் நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. சபரிமலைப் பருவத்தில் மோட்டார் வாகனத் துறை நடத்தும் 'பாதுகாப்பு மண்டலம்' திட்டத்துக்கு இடுக்கியின் குட்டிக்கானத்திலும் மையம் உண்டு. மலைச்சாலையில் ரோந்து சென்று ஓட்டுநர்களை எச்சரிப்பது, பழுதான வண்டியை அகற்றுவது, விபத்து நேர்ந்தால் உடனே உதவுவது என அது செயல்படுகிறது. பேரிடர்க் காலத்துக்கென 2020-ல் உருவாக்கப்பட்ட சமூகத் தொண்டர் படையும் கேரள அரசிடம் உள்ளது. பக்தர்களுக்காகப் பருவகாலத்தில் செய்யப்படும் ஏற்பாட்டை, சுற்றுலாப் பருவத்தில் மாட்டுப்பட்டி - வட்டவடைச் சாலைக்கு நீட்டிப்பது இயலாத காரியம் அல்ல.

திருமலை அறிந்த உபாயம்: கேமராவும் ரேடாரும் இன்றியே வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறை ஒன்றைத் தமிழக பக்தர்கள் பலர் நேரில் கண்டிருப்பர். திருமலை மலைப்பாதையில் நுழையும் வாகனத்துக்கு நேரம் குறித்த சீட்டு தரப்படுகிறது. ஏறுவதற்குக் குறைந்தது 28 நிமிடம், இறங்குவதற்குக் குறைந்தது 40 நிமிடம் என்பது கணக்கு. அதற்கு முன்னதாகவே மறுமுனைக்கு வந்து சேர்பவர் வேகமாக வந்தார் என்பதற்கு அந்தச் சீட்டே சாட்சி. வட்டவடை செல்பவர்களும் வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடந்தே ஆக வேண்டும். காட்டுக்குள் நுழையும் நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் குறிப்பதற்குப் பெரும் செலவு தேவையில்லை. வனத்துறை ஊழியருடன் பயிற்சி பெற்ற ஊர்த் தொண்டர் ஒருவர் அமர்ந்தால் போதும். மனித உயிரோடு வன உயிரும் பிழைக்கும்.

மொழி எனும் துணை: 1956 மாநில மறுசீரமைப்பின்போது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் எந்த மாநிலத்துக்கு என்ற சர்ச்சையைத் தமிழக அரசியலை அறிந்தோர் மறந்திருக்க மாட்டார்கள். தேவிகுளம் வட்டத்தில் அடங்கிய வட்டவடையின் விவசாயிகள் பெரும்பாலும் தமிழ் பேசுபவர்கள். போடி, தேனி, உடுமலை வழியாக வரும் ஓட்டுநர்களும் தமிழர்கள். இந்நிலையில், எச்சரிக்கைப் பலகைகளும் தொண்டர்களின் அறிவுரையும் மலையாளத்துடன் தமிழிலும் இருப்பது சலுகை அல்ல, பாதுகாப்புக்கான தேவை. "ஏறிய கியரிலேயே இறங்குங்கள், நியூட்ரலில் விடாதீர்கள்" என்ற ஒரு வரி, சமவெளியில் மட்டுமே ஓட்டிப் பழகியவருக்கு அவருடைய மொழியில் உரிய இடத்தில் சொல்லப்பட்டால், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் ஆபத்தைத் தவிர்க்கலாம்.

அதே வேளையில், வெளியூர் வாகனங்களை மட்டும் குற்றவாளியாக்கும் திட்டம் நிலைக்காது. உள்ளூர் ஜீப்பும், விளைபொருள் ஏற்றி விடியற்காலையில் விரையும் சரக்கு வாகனமும் அதே அளவுகோலால் அளக்கப்பட வேண்டும். ஊர் ஜீப் ஓட்டுநர்களே முதல் தொண்டர்களாக முன்வருவது ஒன்றே அந்த நம்பிக்கையை உண்டாக்கும். ஒவ்வொரு வளைவையும் பனிமூட்டத்தையும் அவர்களை விட அறிந்தவர்கள் இல்லை.

தொண்டரால் ஆகாதது: தொண்டர்கள் அரசுக்கு மாற்று ஆகிவிட முடியாது என்பதைப் பாலக்காடு மாவட்டத்தில் நேர்ந்த இரு துயரங்கள் காட்டுகின்றன. 2022 அக்டோபர் 5-ம் தேதி நள்ளிரவில் வடக்கஞ்சேரி அருகே, பள்ளி மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் சென்ற தனியார் பஸ், கேரள அரசுப் பஸ்ஸின் பின்புறம் மோதியதில் 9 பேர் இறந்தனர். அவர்களில் 5 பேர் மாணவர்கள். மோதியபோது சுற்றுலாப் பஸ்ஸின் வேகம் மணிக்கு 97.7 கி.மீ. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் முறைகேடு செய்யப்பட்டிருந்ததும் விசாரணையில் தெரியவந்தது. தணிக்கையில் பிடிக்க வேண்டிய இந்த மோசடியைச் சாலையோரம் நிற்கும் எந்தத் தொண்டராலும் கண்டுபிடிக்க இயலாது.

2024 டிசம்பர் 12-ம் தேதி அதே மாவட்டத்தின் பனயம்பாடத்தில், பள்ளி முடிந்து வீடு திரும்பிய எட்டாம் வகுப்பு மாணவியர் நால்வர் மீது சிமெண்ட் ஏற்றி வந்த லாரி கவிழ்ந்தது. நால்வரும் இறந்தனர். அந்த வளைவு ஆபத்தானது என்று ஊரார் நெடுநாளாகக் குரல் கொடுத்து வந்தனர். விபத்துக்குப் பிறகு அங்கு சென்ற மாநிலப் போக்குவரத்து அமைச்சர் கே.பி. கணேஷ்குமார், தாமே வாகனத்தை ஓட்டிப் பார்த்து, சாலை அமைப்பில் குறை இருப்பதாகக் கூறினார். ஊரார் முன்பே கூறியதை அரசு ஏற்பதற்கு நான்கு சிறுமியரின் உயிர் விலையாயிற்று. தன்னார்வத் தொண்டு என்பது வாகன ஓட்டியை எச்சரிப்பதோடு முடிந்துவிடுவது அல்ல. அதிகாரிகளை எச்சரிப்பதும் அதில் அடங்கும். அந்த எச்சரிக்கைக்குக் குறித்த காலத்தில் பதில் கூறும் கடமை அதிகாரிகளுக்கு இருக்க வேண்டும்.

சட்டத்தின் இடைவெளி: 2016 மார்ச் 30-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஒப்புதல் அளித்த வழிகாட்டு நெறிகளைத் தொடர்ந்து, விபத்தில் சிக்கியவருக்கு உதவுபவரைப் பாதுகாக்கும் 134ஏ பிரிவு 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அவ்வாறு உதவுபவருக்கு 2021-ல் ரூ.5,000 என அறிவிக்கப்பட்ட பரிசு, 2025-ல் ரூ.25,000 ஆக உயர்த்தப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் இவை அனைத்தும் ரத்தம் சிந்திய பிறகு தொடங்குபவை. விபத்துக்கு முன் சாலையில் நிற்கும் குடிமகனைச் சட்டம் இன்னும் அடையாளம் காணவில்லை. அவரை ஓட்டுநர் ஏசினாலோ, வாகனத்தை மேலே ஏற்றினாலோ, பொய்ப் புகார் அளித்தாலோ, அவர் வெறும் வழிப்போக்கர்தான்.

மறுபுறம், அடையாளமும் எல்லையும் இல்லாத தொண்டர் கூட்டம் நாளடைவில் ஊர்ச் சண்டியர் கூட்டமாக மாறும் அபாயமும் உண்டு. வாகனத்தை மறிப்பது, சாவியைப் பிடுங்குவது, பணம் கேட்பது, வெளி மாநிலப் பதிவெண்ணைக் கண்டதும் வம்பு வளர்ப்பது ஆகியவற்றுக்கு இடம் அளித்தால் திட்டத்தின் நோக்கமே கெட்டுவிடும். ஆகவே பயிற்சி, அடையாள அட்டை, போலீஸார் ஒப்புதல் அளித்த இடம், குறித்த நேரம், காப்பீடு ஆகிய ஐந்தும் இன்றி எவரையும் சாலையில் நிறுத்தக் கூடாது. அன்றாடக் கூலியை நம்பியிருப்பவரின் உழைப்பை இலவசமாக எதிர்பார்ப்பதும் நியாயமாகாது. வசூலாகும் அபராதத்தில் சிறு பங்கையாவது அந்தந்த ஊராட்சியின் சாலைப் பாதுகாப்புக்கு ஒதுக்கலாம்.

இதற்கான மேடைகளைப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. ஊராட்சியில் கிராம சபை உள்ளது. மாவட்டத்தில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட சாலைப் பாதுகாப்புக் குழு உள்ளது. நாடாளுமன்ற உறுப்பினர் தலைமையில் மாவட்டந்தோறும் குழு அமைக்க மத்திய அமைச்சகமும் வகை செய்துள்ளது. இடுக்கி, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களின் குழுக்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒன்றாக அமர்ந்தால், எல்லைக்கு இப்பால் புறப்படும் வாகனத்துக்கு அப்பால் உள்ள வளைவைப் பற்றிப் புறப்படும் இடத்திலேயே எச்சரிக்க முடியும்.

மூணாறு - போடிமெட்டு இடையே 41.78 கி.மீ. நீளத்துக்கு அகலப்படுத்தப்பட்ட தேசிய நெடுஞ்சாலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. சாலை அகலமானால் பயணம் எளிதாகும், வேகமும் கூடும். அந்த வேகத்துக்குப் பழகிய கால், மாட்டுப்பட்டி வழியாக வட்டவடை நோக்கித் திரும்பும்போது தானாகத் தளர்ந்துவிடாது. 2018-ல் பூத்த நீலக்குறிஞ்சி மீண்டும் பெருமளவில் பூக்கும் 2030-ல் இந்த மலைகளுக்குக் கூட்டம் திரளும். சாலை விபத்து மரணங்களைப் பாதியாகக் குறைப்பதற்கு ஐ.நா. விதித்துள்ள காலக்கெடுவும் அதே 2030-தான். பூக்களைக் காண வருபவர்கள் பத்திரமாக வீடு திரும்புவார்களா என்பது, அதற்குள் வட்டவடைச் சாலையின் வளைவுகளில் யார் நிற்கப் போகிறார்கள், அவர்களுக்குப் பின்னால் சட்டம் நிற்குமா என்பதைப் பொறுத்தே அமையும்.